கிராவல் சைக்கிள் வழி என்றால் என்ன? டஸ்கனியின் வெள்ளைச் சாலைகளை வைத்து ஓர் அறிமுகம்

வீடு கட்டியவர்களுக்கு 'கிராவல்' புதிய சொல் இல்லை. "இன்னும் ரெண்டு லோடு கிராவல் அடிக்கணும்" என்று மேஸ்திரி சொல்வார். டிப்பர் லாரி வந்து, செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்த குவியலைக் கொட்டிவிட்டுப் போகும். தார் பார்க்காத கிராமத்துச் சாலைக்கும் அதைத்தான் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்குவார்கள். அதற்கு கிராவல் ரோடு என்றே பெயர்.

சைக்கிள்காரர்கள் பேசும் கிராவலும் இதுதான். தார் இல்லை, ஆனால் வண்டி போகும். நெடுஞ்சாலையின் வழுவழுப்பு கிடையாது. மலைக்காட்டு ஒற்றையடிப் பாதையின் பாறையும் வேரும் கிடையாது. டிராக்டரும் பால்வண்டியும் தினமும் போய் வருகிற, ஊரையும் வயலையும் இணைக்கிற சாலை. அப்படிப்பட்ட சாலைகளைத் தேடிப்பிடித்து, ஒன்றோடொன்று கோத்து, ஒரு நாளோ பல நாளோ ஓட்டுகிற மாதிரி அமைத்த பாதைக்குத்தான் கிராவல் வழி என்று பெயர்.

புதிதாக வருகிறவர்கள் எடுத்தவுடன் சைக்கிளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி, எத்தனை கியர், என்ன விலை? சாலையைப் பற்றி முதலில் கேளுங்கள் என்பேன். இந்தச் சாலையை யார் போட்டார்கள், எதைச் சுமந்துபோகப் போட்டார்கள், ஏன் மேட்டின் முதுகில் போட்டார்கள் என்று தெரிந்துவிட்டால், எந்த டயர், எவ்வளவு காற்று, எங்கே தண்ணீர், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தானாக விளங்கும். அதற்கு நல்ல உதாரணம் இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சியனா நகரைச் சுற்றி இருக்கிறது. அங்கே இந்தச் சாலைகளை 'ஸ்த்ராதே பியாங்கே' என்கிறார்கள். வெள்ளைச் சாலைகள் என்று பொருள்.

வாரத்துக்கு விட்ட நிலமும் வண்டிப்பாதையும்

சியனாவுக்கு வடக்கே கியாந்தி மலைச்சரிவுகள். திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோப்பு, நடுநடுவே ஓக் காடு. நகரத்துக்குத் தென்கிழக்கே 'கிரெத்தே செனேசி' என்கிற களிமண் மேடுகள். அங்கே மரம் குறைவு. கோதுமைதான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த பூமி அது. உழுத வயலில் இன்றைக்கும் சிப்பி ஓடு கிடைக்கும்.

இந்த நிலத்தில் பல நூற்றாண்டுகளாக 'மெட்ஸாத்ரியா' என்றொரு முறை இருந்தது. நமக்குப் புரிகிற சொல்லில் சொன்னால் வாரம். நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நம் ஊர் வாரத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே குடியானவர் ஊருக்குள் குடியிருந்து வயலுக்குப் போய் வருவார். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரவர் உழும் நிலத்தின் நடுவிலேயே கல்வீடு. அந்த வீடும் நிலமும் சேர்ந்ததுதான் 'பொதேரே'. அப்படிப் பல பொதேரேக்களுக்கு நடுவே பண்ணையாரின் பெரிய பண்ணை வீடு. கோதுமையும் திராட்சையும் ஆலிவும் வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில் அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வண்டிப்பாதை. அக்கம்பக்கத்தில் கிடைத்த வெளிர்நிறக் கல்லை உடைத்துப் பரப்பிய பாதை என்பதால் வெயிலில் வெள்ளையாகத் தெரியும். மேட்டின் முதுகிலேயே அது போவதற்குக் காரணம் களிமண். மழையில் சரிவு வழுக்கி இறங்கிவிடும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், உச்சியில்தான் கால் நிற்கும். வீடுகள் உச்சியில் இருந்தன, பாதையும் உச்சியோடு ஓடியது. அடுத்த மேட்டுக்குப் போக மட்டும் ஓடைவரை இறங்கி மறுபடி ஏறும். கிராவல் வழியின் ஏற்ற இறக்கம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வாரக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக ஆலை வேலைக்கு நகரங்களுக்குக் கிளம்பின. 1964இல் புதிய வார ஒப்பந்தங்களுக்குச் சட்டம் தடை போட்டது. வீடுகள் காலியாகின. கிரெத்தே பகுதியில் கைவிடப்பட்ட பண்ணைகளுக்கு சார்தீனியா தீவிலிருந்து ஆட்டிடையர்கள் வந்து குடியேறினார்கள். இன்றைக்கு பியென்ட்ஸா ஊரின் பெயரோடு விற்கும் ஆட்டுப்பால் சீஸுக்கு அவர்களின் மந்தைகளும் ஒரு காரணம். ஆள் குறைந்த சாலைக்கு யார் செலவழித்துத் தார் போடப்போகிறார்கள்? வெள்ளைச் சாலை வெள்ளையாகவே மிஞ்சியது.

அது தொண்ணூறுகள் வரைதான். வீடுகளை வாங்கி விடுதிகளாக மாற்றியவர்களுக்குக் கார் போக வசதி வேண்டியிருந்தது, தார் மெல்ல மெல்ல உள்ளே வரத் தொடங்கியது. கியாந்தியில் கயோலே என்ற சின்ன ஊர்க்காரரான ஜான்கார்லோ ப்ரொச்சிக்கு இது பொறுக்கவில்லை. இந்தச் சாலைகளில் ஓட்டிக் காட்டினால்தான் இவற்றுக்கு மதிப்பு என்று ஊர் உணரும் என்று நினைத்தார். 1997இல் 'லெரோயிகா' என்ற சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் வருடம் வந்தவர்கள் 92 பேர். பழைய காலத்து வீரர்கள் ஓட்டிய மாதிரியே ஓட்ட வேண்டும் என்பது விதி. 1987க்கு முந்தைய ரேஸ் சைக்கிள், சட்டத்துக் குழாயில் பொருத்திய கியர் லீவர், ஹேண்டில்பாரிலிருந்து வெளியே வளைந்து தெரியும் பிரேக் கம்பி, காலை வாரால் கட்டும் பெடல். இன்றைக்கு அக்டோபரில் ஆயிரக்கணக்கான பேர் அந்த ஊரில் கூடுகிறார்கள். நீண்ட வழிக்காரர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் வெள்ளைச் சாலையின் ஓரத்தில் வரிசையாக விளக்கு ஏற்றி வைத்திருப்பார்கள்.

அந்த ஓட்டத்திலிருந்துதான் 2007இல் தொழில்முறை வீரர்களுக்கான 'ஸ்த்ராதே பியாங்கே' பந்தயம் பிறந்தது. இப்போது ஆண்டுதோறும் மார்ச்சில் நடக்கிறது, சியனாவின் கம்போ சதுக்கத்தில் முடிகிறது. பெண்களுக்கான பந்தயம் 2015இல் சேர்ந்தது. 2024இல் ஸ்லோவேனிய வீரர் ததேய் பொகாச்சர் கடைசி 81 கிலோமீட்டரைத் தன்னந்தனியாக ஓட்டி ஜெயித்தார். ஒரு காலத்தில் மாட்டுவண்டிக்குப் போட்ட பாதையில் உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் போகிறார்கள் என்பதால், அந்தப் பாதைக்குத் தார் போடுகிற பேச்சு இன்றைக்கு அவ்வளவு சுலபத்தில் எழாது. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்தது இதுதான்.

ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள்

லெரோயிகாவின் நீண்ட வழி 209 கிலோமீட்டர். பலகை நட்டு, வருடம் முழுக்க யார் வேண்டுமானாலும் ஓட்டும்படி வைத்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய பாதி மண் சாலை. அந்த வழியில் எங்கேயும் பெரிய மலை கிடையாது. ஆனாலும் முடித்துவிட்டு வந்தவரின் சைக்கிளில் மாட்டிய கணக்குப்பெட்டி மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல் என்று காட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு முறை ஊட்டி ஏறின மாதிரி.

இது எப்படி என்று முதலில் நம்ப முடியாது. மேடு ஒவ்வொன்றும் 60 மீட்டர்தான் இருக்கட்டும். ஓடைக்கு இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, ஏறி என்று அறுபது முறை போனால் 3,600 ஆகிவிடுகிறது. மலை ஏறுகிறவருக்கு மலை கண்ணுக்குத் தெரிகிறது, மனசு தயாராகிறது. அலையலையான பூமியில் அப்படி இல்லை. ஒவ்வொரு மேடும் சின்னதாகத் தெரியும், "இதுதானே" என்று வேகமாக மிதிப்போம், முப்பதாவது மேட்டில் கால் நின்றுவிடும்.

அதனால் வழியைப் பார்க்கும்போது தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மொத்த ஏற்றத்தைக் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 5 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட சமதளம். 10 என்றால் நல்ல அலையான நாடு, புதியவருக்கு ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் போதும். 15ஐத் தாண்டினால் கடினம். லெரோயிகா நீண்ட வழி இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 17 வரை போகிறது.

செங்குத்தையும் பாருங்கள். நூறு மீட்டர் முன்னால் போவதற்குள் பத்து மீட்டர் உயர்ந்தால் பத்து சதவீதம். சியனாவுக்குப் பக்கத்தில் 'லே தோல்ஃபே' என்றொரு துண்டு இருக்கிறது. நீளம் 1.1 கிலோமீட்டர்தான். ஆனால் ஓடைக்குச் சறுக்கிக்கொண்டு இறங்கி, திரும்ப ஏறும் இடத்தில் 18 சதவீதம் வரை போகும். அங்கே முன்சக்கரம் மூக்குக்கு நேராக நிற்பது போலத் தோன்றும். தார்ச்சாலையாக இருந்தால் எழுந்து நின்று மிதிக்கலாம். சரளையில் எழுந்தால் பின்சக்கரத்தின் மேல் இருந்த பாரம் குறைந்து, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், கல் பின்னால் தெறிக்கும். உட்கார்ந்தபடியே, மார்பைத் தாழ்த்தி, லேசான கியரில் மெதுவாக மிதிக்க வேண்டும். இதற்காகத்தான் கிராவல் சைக்கிளில் பின்னால் 42 பல், சில சமயம் அதற்கும் பெரிய பல்சக்கரம் வைக்கிறார்கள். முன்னால் 40 பல் என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும். மெதுவாகத்தான் போகும், ஆனால் ஏறும். ஏற முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

கல்லும் காற்றும்

நான் முதல் முறை அங்கே ஓட்டியது வாடகை சைக்கிளில். எடுத்த கடையில் காற்றைக் கல்லு மாதிரி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். தார் ரோட்டில் பறந்தது. வெள்ளைச் சாலையில் இறங்கியதும் கை அதிர ஆரம்பித்தது; ஐந்தாவது கிலோமீட்டரில் விரல் மரத்தது, பத்தாவதில் கண்ணே ஒரு பொருளின் மேல் நிலையாக நிற்கவில்லை. இறக்கத்தில் முன்சக்கரம் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குத் தாவித் தாவிப் போனதே தவிர, தரையைத் தொட்ட மாதிரியே இல்லை. ஒரு சைப்ரஸ் மரத்தடியில் நிறுத்தி, கட்டைவிரலால் வால்வை அழுத்தி, இரண்டு சக்கரத்திலும் 'புஸ்' என்று கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டேன். டயரை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் வரைக்கும். அப்புறம் அதே சாலை வேறு சாலையாக இருந்தது.

காரணம் எளிது. நெல்லிக்காய் அளவுக் கல் ஒன்று டயருக்கு அடியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் இறுக்கமாக இருந்தால் கல் அமுங்காது, டயரும் அமுங்காது, அப்போது சைக்கிளும் ஆளும் சேர்ந்து ஒரு நெல்லிக்காய் உயரம் மேலே எழும்பி விழ வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் இப்படி. முன்னால் போக வேண்டிய பலம் மேலே தூக்குவதில் வீணாகிறது. டயர் தளர்ந்திருந்தால் கல்லை அது தன்னுள் வாங்கிக்கொண்டு உருண்டுவிடும், ஆள் அப்படியே சமமாகப் போவார். தரையைத் தொடும் பரப்பும் கூடுவதால் வளைவில் பிடிப்பு கிடைக்கும். கரடுமுரடான சாலையில் காற்று குறைந்த அகலமான டயர்தான் வேகம். ரேஸ் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம்.

நம் ஊரில் தாத்தாக்கள் ஓட்டிய கருப்பு சைக்கிளின் டயரில் 28 × 1½ என்று எழுதியிருக்கும். அந்த ஒன்றரை அங்குலம் கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர். இன்றைய கிராவல் சைக்கிளின் டயரும் 40, 45 மில்லிமீட்டர்தான். மண்சாலைக்கு எது ஒத்துவரும் என்று அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 40 மில்லிமீட்டர் டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ (பம்பு மானி காட்டும் காற்றழுத்த அளவு) வரை வைத்து ஆரம்பிக்கலாம். டியூப் உள்ள டயர் என்றால் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும், இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பஞ்சராகும். டியூப் இல்லாத டயரில் உள்ளே பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருப்பார்கள். முள் குத்தினால் அதுவே போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும்.

சரி, சாலையை எப்படிப் படிப்பது? கார்கள் போய்ப் போய் இரண்டு சக்கரத் தடம் இறுகிப் பளபளவென்று இருக்கும். நடுவிலும் ஓரத்திலும் உதிரிக்கல் மேடு கட்டியிருக்கும். தடத்திலேயே போக வேண்டும். தடம் மாற வேண்டுமென்றால் சட்டென்று ஒடிக்காமல், நேராகப் போகிற போக்கில் மெல்லக் கடக்க வேண்டும். வளைவுக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது, அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் கார்கள் ஒதுக்கிய கல் எல்லாம் குவிந்திருக்கும். விழுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறார்கள்.

சில இடங்களில் சாலை தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும். யாரும் அப்படிப் போட்டதில்லை. உதிரி மண்ணில் வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போனால் சக்கரம் லேசாகத் துள்ளும். துள்ளி விழுந்த இடம் குழியாகும், தள்ளிய மண் அடுத்த வரப்பாகும், அடுத்த வண்டி அதில் இன்னும் கொஞ்சம் துள்ளும். அப்படியே வளர்ந்துகொண்டே போகும். கார்கள் பிரேக் பிடிக்கும் இறக்கங்களிலும், வேகமெடுக்கும் ஏற்றங்களிலும் இது அதிகம். சாலையின் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு வரி இல்லாத பட்டை பெரும்பாலும் கிடைக்கும், அதைப் பிடித்துப் போக வேண்டும்.

மழை வந்தால் எல்லாம் தலைகீழ். கியாந்திப் பக்கம் கல் அதிகம், தண்ணீர் வடிந்துவிடும். கிரெத்தே பக்கத்தில் களிமண் மாவாகப் பிசைந்துகொள்ளும். 2010இல், இத்தாலி முழுக்கப் பல நாள் நடக்கும் ஜிரோ பந்தயத்தின் ஒரு கட்டம் இந்த வெள்ளைச் சாலைகள் வழியாக மொந்தால்சீனோ ஊருக்குப் போனது. அன்றைக்கு நல்ல மழை. உலகச் சாம்பியனின் வானவில் பட்டைச் சட்டையோடு வந்த கேடல் எவன்ஸ்தான் ஜெயித்தார், ஆனால் பட்டையில் வானவில் எது, சேறு எது என்று தெரியவில்லை. அந்த மண் டயரில் ஒட்டி, சட்டத்துக்கும் டயருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். அதனால்தான் கிராவல் சைக்கிள் சட்டத்தில் அந்த இடைவெளியைத் தாராளமாக விடுகிறார்கள். மழைநாளில் அந்தப் பக்கம் போனால் ஒரு குச்சியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், சுரண்டி எடுக்க உதவும்.

வழியை எப்படிக் கோப்பது

வழி போடுவது தனிக் கலை. நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற வரைபடத்தில் பொதுமக்களே சேர்ந்து சாலைகளைக் குறிக்கிறார்கள். பண்ணைச் சாலைகளுக்கு அதில் ஐந்து தரம் உண்டு. ஒன்றாம் தரம் கெட்டியாக இறுகியது, ஐந்தாம் தரம் வெறும் மண்ணும் புல்லும். கொமூட், ரைட் வித் ஜிபிஎஸ் போன்ற செயலிகள் இந்தத் தகவலை வைத்துத்தான் இது தார், இது சரளை என்று நிறம் காட்டுகின்றன. புதியவர்கள் மூன்றாம் தரம் வரை நம்பிப் போகலாம். நான்கும் ஐந்தும் காய்ந்த நாளில் மட்டும். செயலி சொன்னது சரியா என்று செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளையாக ஒரே அகலத்தில் போனால் நல்ல சாலை. இரண்டு கோடாகப் பிரிந்து நடுவில் பச்சை தெரிந்தால் டிராக்டர் தடம். கோடு ஒரு வயலின் நடுவில் மறைந்துபோனால் உழுதுவிட்டார்கள் என்று அர்த்தம்.

அதற்கு அடுத்து ஊர்களைக் குறிக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். அழகான சாலைகளை எல்லாம் சேர்த்துவிட்டு, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய்கூட இல்லாத வழியைப் போட்டுவிடுவார்கள். நான் முதலில் ஊர்களை வைத்துக்கொள்வேன். இருபது கிலோமீட்டருக்குள் ஓர் ஊர், அதற்கு நடுவில் எவ்வளவு மண்சாலை வேண்டுமானாலும் இருக்கட்டும். மண்சாலையில் புதியவரின் வேகம் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஆக இருபது கிலோமீட்டர் என்பது ஒன்றரை மணி நேரம். வெயிலில் அதற்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும்.

டஸ்கனி ஊர்களில் சதுக்கத்திலோ கோவில் பக்கத்திலோ கல்தொட்டியோடு ஒரு குழாய் இருக்கும். 'நோன் பொட்டாபிலே' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாத தண்ணீர். இடுகாட்டின் வாசலிலும் பெரும்பாலும் குழாய் உண்டு, பூச்செடிக்கு ஊற்ற வைத்தது. அங்கே தொப்பியை நனைத்துக்கொள்ளலாம். சின்ன ஊர்க் கடைகளை மதியம் ஒரு மணி வாக்கில் மூடினால் நான்கு மணி சுமாருக்குத்தான் திறப்பார்கள். பசி வருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும். 'பார்' என்று பலகை இருந்தால் தயங்காமல் உள்ளே போங்கள். அது காபிக்கடை. நின்றபடி ஒரு வாய்க் காபி குடித்துவிட்டுப் போகிற இடம். ஊர்ப் பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்து எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். நம் ஊர் டீக்கடை பெஞ்ச் நினைவுக்கு வராமல் இருக்காது.

சாப்பாட்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'ரிபொல்லீத்தா'. மறுபடி கொதிக்க வைத்தது என்று பொருள். நேற்றைய காய்கறிச் சாறு, வெள்ளை மொச்சை மாதிரியான பீன்ஸ், கருப்பு முட்டைக்கோஸ் இலை, காய்ந்துபோன உப்பில்லாத ரொட்டி எல்லாவற்றையும் மறுநாள் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். கரண்டி நிற்கிற பதத்துக்குக் கெட்டியாகிவிடும். மேலே பச்சை ஆலிவ் எண்ணெய். நம் வீட்டில் பந்திக்கு மறுநாள் சுண்டவைத்த குழம்புக்கு ஒரு ருசி வருமே, அதே தர்மம். வாரக் குடியானவர் வீட்டில் எதையும் வீணாக்காமல் இருக்க வந்த சாப்பாடு. லெரோயிகாவில் வழியிலுள்ள ஊர்க்காரர்கள் இதைத்தான் பெரிய பாத்திரத்தில் வைத்து ஓட்டுபவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதைச் சாப்பிட்டால் சோர்வு எங்கே போனதென்று தெரியாது.

நாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டு மந்தை இருக்கும் இடத்தில் பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும். ஓநாயிடமிருந்து மந்தையைக் காக்க வளர்ப்பவை, சைக்கிள்காரனையும் அந்தக் கணக்கில்தான் பார்க்கும். வேகமாக மிதித்துத் தப்பிக்க நினைக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்து, அதன் கண்ணை முறைக்காமல் மெதுவாக நடந்து போனால், தன் எல்லை முடிந்ததும் அது நின்றுவிடும்.

முதல் நாளுக்கு ஒரு வழி

எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் அஷானோ என்பேன். சியனாவிலிருந்து ரயிலில் போகலாம். சைக்கிள் படம் போட்ட உள்ளூர் ரயில்களில் சைக்கிளையும் ஏற்றலாம், அதற்குத் தனி டிக்கெட். அஷானோவுக்கு வடக்கே 'மோந்தே சாந்தே மரியே' என்ற வெள்ளைச் சாலை 11.5 கிலோமீட்டர் ஓடுகிறது. ஸ்த்ராதே பியாங்கே பந்தயத்தை மூன்று முறை ஜெயித்த ஃபபியான் கன்செல்லாராவின் பெயரை அந்தத் துண்டுக்கு வைத்திருக்கிறார்கள். பந்தயத்தில் கூட்டம் பெரும்பாலும் அங்கேதான் சிதறி, முன்னணி வீரர்கள் தனியாகப் பிரிவார்கள். ஆனால் பந்தயக்காரர்கள் போகிற வேகத்தில் நாம் போக வேண்டியதில்லை.

ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ போங்கள், கோதுமை பச்சையாக இருக்கும். ஜூனில் பொன்னிறம். அறுவடைக்குப் பிறகு உழுத மண் சாம்பல் நிறத்தில் கிடக்கும், அதுவும் ஒரு அழகு. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், அந்த மேடுகளில் நிழலே இல்லை. முந்தின இரண்டு நாள் மழை பெய்யவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு அஷானோ குழாயில் இரண்டு பாட்டிலையும் நிரப்புங்கள். ஊர் எல்லை தாண்டியதும் ஏற்றம் தொடங்கும், தார் முடிந்து டயரின் சத்தம் மாறும். அங்கே ஒரு நிமிடம் நின்று டயரில் காற்றைப் பாருங்கள். பிறகு மேட்டின் முதுகிலேயே சாலை வளைந்து வளைந்து போகும். இரண்டு பக்கமும் சரிவு, ஒவ்வொரு உச்சியிலும் ஒரு கல்வீடு, அதற்குப் போகும் தடத்தின் முனையில் இரண்டு சைப்ரஸ் மரங்கள். சாலை ஏன் இந்த வீட்டைச் சுற்றிப் போகிறது, ஏன் அந்த ஓடையில் இறங்குகிறது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

முழுவதும் போய் அதே வழியில் திரும்பினால் 23 கிலோமீட்டர். முதல் நாளுக்கு அது போதும். போகும்போது ஏறியதெல்லாம் வரும்போது இறக்கம், இறங்கியதெல்லாம் ஏற்றம் என்பதால் ஒரே சாலையை இரண்டு விதமாகப் பார்த்ததாகவும் ஆகும். பந்தயப் பெயரைப் பார்த்துப் பயந்து விட்டுவிடாதீர்கள். செங்குத்தான இரண்டு மூன்று இடங்களில் நான் தள்ளிக்கொண்டுதான் போனேன், பக்கத்தில் ஒரு உள்ளூர்ப் பெரியவரும் தள்ளிக்கொண்டு வந்தார். திரும்பி வந்ததும் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் செயினையும் சக்கரத்தையும் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். அந்தக் களிமண் காய்ந்துவிட்டால் சிமெண்ட் மாதிரி இறுகிக்கொள்ளும், மறுநாள் கியர் மாறாது.